கண்டியில் விழுந்த முடிச்சு, கற்சிலைமடுவில் இறுகிய கயிறு

1803ஆம் ஆண்டு, ஓகஸ்ட் 25. முல்லைத்தீவுக் கரையில் தோணிகள் அவசர அவசரமாகக் கடலுக்குள் தள்ளப்படுகின்றன. ஏறுகிறவர்கள் தொழிலுக்குப் போகும் மீனவர்கள் அல்லர். கோட்டையைக் காக்க நிறுத்தப்பட்டிருந்த ஆங்கிலேயரின் சிப்பாய்கள். பின்னால் காட்டுப்பக்கமிருந்து வன்னியனின் ஆட்கள் வருகிறார்கள். அவர்களோடு கண்டி அரசனின் படையும் வருகிறது. பீரங்கியைக்கூட எடுத்துக்கொண்டு போக நேரமில்லை. தோணிகள் யாழ்ப்பாணத்தை நோக்கித் திரும்புகின்றன. கோட்டை வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் கையில்.

அறுபத்தேழு நாள் கழித்து, ஒக்டோபர் 31 அன்று, அதே பண்டாரவன்னியன் ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் தோற்றுப்போனான்.

இடையில் என்ன நடந்தது? வன்னியில் யாரைக் கேட்டாலும் ஒரு பெயர் வரும்: காக்கை வன்னியன். காட்டிக்கொடுத்தவன். அவ்வளவுதான் கதை, அதற்கு மேல் கேள்வி இல்லை.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கைத்தொலைபேசியில் தமிழ்க் குரல் ஏற்றிய கொரியச் சரித்திரத் தொடர்களைப் பார்க்கும் தலைமுறைக்கு இந்த ஒற்றை வரிப் பதில் போதாது. ஒரு மன்னன் விழுவதற்கு ஐம்பது எபிசோட் எடுத்துக்கொள்ளும் கதைகளைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். விதவை ராணி ஒரு பக்கம், மந்திரி ஒரு பக்கம், சமையற்கட்டுப் பெண் ஒரு பக்கம், எல்லைக்கு அப்பால் காத்திருக்கும் பேரரசு இன்னொரு பக்கம் என்று எல்லோரும் சேர்ந்து இழுத்தால்தான் அங்கே சிம்மாசனம் சாய்கிறது. நம்முடைய கதையில் மட்டும் எப்படி ஒரே ஒரு துரோகி?

அரிசிப் பெட்டியும் முள் குழியும்

கொரியத் தொடர்களின் அரண்மனைச் சதிகள் பெரும்பாலும் கற்பனையில் பிறந்தவை அல்ல. ஜோசோன் வம்சம் 1392 முதல் 1910 வரை ஆண்டது. 1455இல் சிறுவனான டஞ்ஜோங் மன்னனை இறக்கிவிட்டு அவனுடைய சிற்றப்பனே அரியணையில் ஏறினான். இரண்டு ஆண்டுக்குள் சிறுவனும் உயிரோடு இல்லை. 1701இல் ஜாங் ஹுய்-பின் என்ற அரச நாயகி நஞ்சருந்தி இறக்க ஆணையிடப்பட்டாள். 1762இல் யோங்ஜோ மன்னன் தன் மகன், பட்டத்து இளவரசன் சாடோவை, அரிசி வைக்கும் மரப்பெட்டிக்குள் அடைத்துப் பூட்டினான். எட்டு நாள். உள்ளேயே உயிர் போனது. இளவரசனின் மனைவி பின்னாளில் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகள் இன்றைக்கும் கிடைக்கின்றன. 2015இல் இந்தச் சம்பவம் ஒரு திரைப்படமாகவும் வந்தது.

அதே காலத்துக் கண்டியைப் பார்ப்போம். சாடோ பெட்டிக்குள் போவதற்கு இரண்டு ஆண்டு முன்னர், 1760இல், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனைக் கொல்ல ஒரு திட்டம். மதுரைப் பக்கத்து நாயக்கர் வழிவந்த மன்னன் அவன். பௌத்தத்துக்கு அவன் செய்தது கொஞ்சமல்ல. ஆனாலும் திருநீறு பூசும் மன்னன் என்ற முணுமுணுப்பு பிரதானிகள் மத்தியில் ஓயவில்லை. விகாரையில் ‘பண’ என்னும் பௌத்த உபதேசம் கேட்க மன்னனை அழைப்பது, ஆசனத்துக்குக் கீழே குழி தோண்டி முள் நட்டு மேலே மறைப்பது, அவன் அமர்ந்ததும் கதையை முடித்துவிட்டுச் சியாம் நாட்டு இளவரசன் ஒருவனை அரியணையில் ஏற்றுவது. இதுதான் ஏற்பாடு. சேதி முன்னரே மன்னன் காதுக்கு எட்டியதால் குழி வெறுங்குழியாகப் போயிற்று. சதியில் முன்னின்ற, ‘அதிகாரம்’ எனும் மந்திரிப் பதவி வகித்த சமனக்கொடி தலையை இழந்தான்.

எந்தத் திரைக்கதையாசிரியனும் இதைவிட நல்ல காட்சியை யோசித்து எழுதிவிட முடியாது. ஆனால் வன்னிக்கு வினை வந்தது இந்த மன்னன் காலத்தில் அல்ல. அவனுக்கு அடுத்தவன் பிள்ளையில்லாமல் இறந்தபோது.

பாக்குக்காக ஒரு போர்

1798இல் ராஜாதி ராஜசிங்கன் வாரிசில்லாமல் மறைந்தான். அரசியின் சகோதரன் முத்துசாமி தனக்கே உரிமை என்றான். முதல் அதிகாரமாக இருந்த பிலிமத்தலாவைக்கு அது பிடிக்கவில்லை. சொன்னதைக் கேட்கும் ஒருவன் வேண்டும் அவனுக்கு. அரச குடும்பத்து உறவிலிருந்து பதினெட்டு வயதுக் கண்ணுசாமியைத் தேடிப்பிடித்து, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று பெயர் சூட்டி அமர்த்தினான். அந்தப் பையன் பிலிமத்தலாவையின் சொந்த மகனே என்றொரு வதந்தியும் அக்காலத்தில் உலாவியது. வதந்தியும் அரண்மனை அரசியலில் ஓர் ஆயுதம்தானே!

முத்துசாமி தப்பி ஓடி ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான். பிலிமத்தலாவையோ, தான் அமர்த்திய மன்னனைத் தானே கவிழ்ப்பதற்குக் கவர்னர் பிரெடெரிக் நோர்த்துடன் இரகசியமாகப் பேச்சு நடத்தினான். ஒரே வீட்டுச் சண்டையின் இரு தரப்பும் ஒரே அந்நியனின் வாசலில். இதைவிட வேறென்ன வேண்டும் நோர்த்துக்கு?

போருக்குச் சாட்டு ஒன்று தேவைப்பட்டது. 1802இல் புத்தளம் பக்கத்து வியாபாரிகளின் பாக்கைக் கண்டியார் பறிமுதல் செய்தார்கள். நட்டஈட்டுப் பேச்சு இழுபட்டது. 1803 தொடக்கத்தில் ஜெனரல் மக்டோவல் கொழும்பிலிருந்தும் இன்னொரு படை திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டுக் கண்டிக்குள் புகுந்தன. நகர் வெறிச்சோடிக் கிடந்தது. முத்துசாமிக்கு முடி சூட்டினார்கள். அந்த மன்னனுக்குக் குடிமக்கள்தான் இல்லை.

காய்ச்சல் படையைத் தின்றது. ஜூன் 24 அன்று, கண்டியில் எஞ்சிய படையின் தளபதி மேஜர் டேவி சரணடைந்தான். முத்துசாமியைக் கண்டியாரிடம் ஒப்படைத்தார்கள், அவனுக்கு மரணதண்டனை. டேவியின் ஆட்களில் ஒருசிலரைத் தவிர எவரும் மிஞ்சவில்லை. அடுத்த இரண்டு மாதத்துக்குள் கண்டிப் படைகள் ஆங்கிலேயரின் கரையோரப் பகுதிகள்மீது பல திசைகளில் பாய்ந்தன. முல்லைத்தீவு அந்தத் திசைகளில் ஒன்று. ஓகஸ்ட் 25ஐ இந்தச் சங்கிலியிலிருந்து கழற்றித் தனியாகப் பார்த்தால் அது வெறும் வீரக்கதை. கோத்துப் பார்த்தால்தான் ஏன் அந்த மாதம், ஏன் கண்டிப் படை, ஏன் அத்தனை விரைவான வெற்றி என்பது விளங்கும்.

| பெட்டிச் செய்தி: யார் எங்கே முடிந்தார்கள்? |
|---|
| முத்துசாமி: 1803இல் கண்டியாரால் கொல்லப்பட்டான். |
| பிலிமத்தலாவை: தான் அமர்த்திய மன்னனின் ஆணைப்படியே பின்னாளில் மரணதண்டனை பெற்றான். |
| எஹெலேபொல: பிலிமத்தலாவைக்குப் பின் முதல் அதிகாரம். 1814இல் ஆங்கிலேயர் பக்கம் போனான். மன்னன் அவனுடைய மனைவி மக்களைக் கொன்றான். ஆங்கிலேயர் வென்றபின் அவனையே மொரீசியசுக்கு நாடுகடத்தினர். 1829இல் அங்கேயே இறந்தான். |
| ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்: 1815 பெப்ரவரி 18இல் பிடிபட்டான். வேலூர்க் கோட்டையில் சிறை. 1832 ஜனவரி 30இல் மறைவு. வேலூர்ப் பாலாற்றங்கரையில் அவன் நினைவாக முத்து மண்டபம் இருக்கிறது. |

அறுபத்தேழு நாள்

பண்டாரவன்னியன் முல்லைத்தீவோடு நிற்கவில்லை. ஆனையிறவு வரை அவன் ஆட்கள் போனதாக ஜே. பி. லூயிஸ் தன் வன்னி மாவட்டக் கைநூலில் எழுதுகிறார். 1895இல் அச்சான அந்த நூல் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் வேலை. எதிரியைப் புகழ வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆகவே அந்த வரிக்கு மதிப்பு அதிகம்.

கோட்டையைப் பிடிப்பது வேறு, வைத்திருப்பது வேறு. ஆங்கிலேயருக்குக் கடல் திறந்திருந்தது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என மூன்று தளங்கள் மூன்று பக்கத்தில். மூன்றிலிருந்தும் படை நகர்ந்தது. வன்னியிடம் காடு இருந்தது. கப்பல் இல்லை, வெடிமருந்து செய்யும் பட்டறை இல்லை, தோற்ற பின் ஒதுங்கி நின்று மறுபடி வருவதற்குப் பெரிய பின்தளமும் இல்லை. கண்டிப் படையெடுப்பும் ஏனைய முனைகளில் அதற்குள் வேகம் இழந்திருந்தது. மன்னாரிலிருந்து வந்த கப்டன் வொன் டிரிபேர்க்கின் படை, எதிர்பாராத வேளையில் கற்சிலைமடுவைத் தாக்கியது. கோட்டையில் பிடிபட்ட பீரங்கியும் திரும்பிப் போயிற்று.

அந்த வெற்றியின் நினைவாக ஆங்கிலத்தில் ஒரு கல் நட்டார்கள். இந்த இடத்தை அண்டி இன்ன திகதியில் இன்னார் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதே அதிலுள்ள சேதி. வென்றவன் தன் பெருமைக்காக நட்ட கல்லுக்குத் தோற்றவனின் ஊரார் மாலை போடும் விசித்திரம் உலகில் எத்தனை இடத்தில் நடக்கும் என்று தெரியவில்லை, முல்லைத்தீவில் நடந்தது.

காக்கை வன்னியன் எத்தனை பேர்?

மக்கள் வழக்கில் உள்ள கதை இப்படிப் போகிறது. பண்டாரவன்னியனின் தங்கை நல்லநாச்சியாரைக் காக்கை வன்னியன் பெண் கேட்டான். மறுத்தார்கள். அவமானம் வன்மமாகி, அவன் ஆங்கிலேயரோடு சேர்ந்து அண்ணனைக் காட்டிக்கொடுத்தான். முள்ளியவளை எழுத்தாளர் முல்லைமணியின் ‘பண்டாரவன்னியன்’ நாடகம் வன்னி மேடைகளில் பண்டாரவன்னியன் கதையை நிலைநிறுத்தியது. தமிழ்நாட்டில் மு. கருணாநிதி ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ என்று நாவலே எழுதினார். கோவலன் கூத்தை விடியவிடியப் பார்த்து, வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு போகும் முல்லைத்தீவுச் சனத்துக்கு, ஒரு பொற்கொல்லனின் பொய்யால் ஒரு பட்டணமே எரிந்த கதை புதிதல்ல. காக்கை வன்னியன் அந்த வரிசையில் இலகுவாக வந்து குந்திக்கொண்டான்.

சிக்கல் இங்கேதான். அதே பெயர்க்காரன் ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கு முந்திய இன்னொரு கதையிலும் அதே வேலையைச் செய்கிறான்.

ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் தொகுத்த ‘யாழ்ப்பாண வைபவமாலை’யில் ஊர்காவற்றுறைக் காக்கை வன்னியன் என்று ஒருவன் வருகிறான். நட்புப் பாராட்டிப் போய் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனைத் தழுவுவதுபோலப் பிடித்துப் பறங்கியரிடம் கொடுத்தவன் அவன். போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதிய வரலாற்றிலோ 1619இல் சங்கிலி கடல்வழியே தப்ப முயன்றபோது பிடிபடுகிறான். தழுவலும் இல்லை, காக்கையும் இல்லை. 1803க்கும் இதே நிலைதான்: லூயிஸின் கைநூல் சொல்வது படைகள் வந்த திசைகளை; ஊர் சொல்வது பெண் கேட்டு வந்தவனின் ஆத்திரத்தை. ஒரு பழைய கதையின் துரோகியைப் புதிய தோல்விக்கு இரவல் வாங்கியிருக்கிறோம் என்பதே இக்கட்டுரையின் முடிவு. வரலாற்று மாணவர் சிலர் இதைப் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். மேடையின் ஒலிபெருக்கிக்கு முன்னால் அது எடுபடவில்லை.

உண்மையில் வைபவமாலையின் நல்லூர் அரண்மனைப் பகுதிதான் கொரியத் தொடருக்குச் சளைக்காத சமாசாரம். மன்னன் பரராசசேகரனுக்கு இரண்டு பட்டத்து மனைவியர், மூன்றாவதாக மங்கத்தம்மாள். மங்கத்தம்மாளின் மகன் சங்கிலி. மூத்த இளவரசன் சிங்கவாகு நஞ்சால் சாகிறான். அடுத்தவன் பண்டாரம் கத்திக்கு இரையாகிறான். மிஞ்சியிருந்த பரநிருபசிங்கன் வைத்தியத்தில் கைதேர்ந்தவன். கண்டி மன்னனின் தேவிக்கு வயிற்றுநோய் தீர்க்கப் போயிருந்த வேளையில்தான் இங்கே அரியணை கைமாறுகிறது. வைத்தியமும் அரண்மனைச் சூதும் பின்னிக்கிடந்த ‘டே ஜாங் கும்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கும். திரும்பி வந்தவனுக்குக் கிடைத்தது ஏழு ஊர்களின் முதன்மை மட்டும்.

வைபவமாலை இரண்டு சங்கிலிகளை ஒருவனாக்கிக் குழப்புகிறது என்பதைச் சுவாமி ஞானப்பிரகாசர் முதலானோர் பிரித்துக் காட்டிவிட்டனர். அந்தக் குழப்பத்தை ஒதுக்கினாலும் ஒரு வழக்கம் மட்டும் துலக்கமாகத் தெரிகிறது: வீட்டுக்குள் தோற்ற இளவரசன் வெளியே துணை தேடுவான். முதலாம் சங்கிலிக்கு எதிராக அரியணை கேட்டவர் போர்த்துக்கேயரை நாடினார்கள். 1591இல் போர்த்துக்கேயர் படையோடு வந்து எதிர்மன்னசிங்கனை அமர்த்தினார்கள். அவன் 1617இல் இறக்க, வாரிசு பாலகன். உறவினரைக் கொன்று ஆட்சியைப் பிடித்த இரண்டாம் சங்கிலி, கிளர்ச்சி வந்ததும் தஞ்சை நாயக்கரிடம் படை கேட்டான். 1619இல் பிலிப்பே டி ஒலிவேராவின் படை கணக்கை முடித்தது. சங்கிலிக்குக் கோவாவில் மரணதண்டனை. பாலக வாரிசு பிரான்சிஸ்கன் துறவிகளிடம் வளர்ந்தான். அரசே இல்லாத நாட்டுக்கு வாரிசு எதற்கு?

நாச்சிமார் எங்கே?

கொரியத் தொடர்களில் விதவை ராணி திரைக்குப் பின்னிருந்து நாட்டை ஆள்வாள். வன்னிக் கதையில் பெண்ணுக்கு ஒதுக்கிய இடம் பெண் கேட்டபோது மறுக்கப்படும் தங்கை. ஆவணம் காட்டுவது வேறு. 1782இல் ஒல்லாந்தர் வன்னியை ஒரேயடியாக அடக்கப் புறப்பட்டபோது எதிர்த்து நின்றவர்களில் வன்னிச்சி நல்லநாச்சி மரியா செம்பாத்தையும் ஒருத்தி. பிடித்துக் கொழும்புக் கோட்டையில் சிறை வைத்தார்கள். கணவனோ தம்பியோ பெயர் இல்லாமலே தனக்கென ஒரு பெயரோடு சிறைக் குறிப்பில் நிற்கும் அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை ஒழுங்கான ஒரு நாடகம் எழுதப்படவில்லை. பண்டாரவன்னியனின் தங்கைக்கு மேடையில் கிடைத்த பெயரும் நல்லநாச்சியார்தான். தற்செயலா, இதுவும் இரவலா என்பதை ஆராய்ச்சியாளர் சொல்லட்டும்.

பிறகு நிலத்துக்கு என்ன ஆனது?

அடங்காப்பற்று என்று பெயரெடுத்த நிலம் வன்னி. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்று பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு வன்னிபத்தின், அதாவது வன்னித் தலைவனின், கீழ் இருந்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கேட்டது யானைத் திறை. வன்னிபங்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து பணிந்து நிற்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். ஏதாவது சாட்டுச் சொல்லிப் போகாமல் விடுவது இவர்கள் வழக்கம். பெயருக்கு முன்னால் ‘டொன்’ போட்டுக்கொண்டு திறைப்பாக்கியோடு இழுத்தடித்த வன்னிபங்களைப் பற்றி ஒல்லாந்த அதிகாரிகள் எழுதிய புலம்பல்கள் படிக்கச் சுவையானவை.

ஆனால் பற்றுக்குப் பற்று ஒற்றுமை இருந்ததில்லை. பிள்ளையில்லாத வன்னிபத்தின் இடம் யாருக்கு, மருமகனுக்கா தம்பிக்கா என்ற வழக்குகள் யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் துரை முன் போய் நின்றன. தீர்ப்புச் சொன்னவனுக்கு நாளடைவில் நாடும் சொந்தமாயிற்று. 1782க்குப் பிறகு தோமஸ் நாகெல் என்ற ஒல்லாந்த அதிகாரியின் நேரடி நிர்வாகம். 1795இல் ஆங்கிலேயர் வந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் அதுவும் கைமாறியது. 1803 தோல்விக்குப் பின் வன்னிமை என்ற அதிகாரமே இல்லாமற் போய்விட்டது.

குளத்துக் காவலும் நீர்ப்பங்கும் வன்னிமையோடு பிணைந்த காரியங்கள். அது போனதும் அணைக்கட்டு உடைந்தால் ஊரைத் திரட்ட ஆளில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய அறிக்கைகளில் வன்னி என்றால் காய்ச்சல், காடு, தூர்ந்த குளம், குறைந்துபோகும் சனத்தொகை. இரணைமடுக் குளத்து வேலை 1902இல்தான் தொடங்கியது. கிளிநொச்சிக் குடியேற்றங்கள் 1930களில். கற்சிலைமடுவுக்கும் இரணைமடு வேலைக்கும் நடுவில் ஒரு நூற்றாண்டு விடுபட்டுக் கிடக்கிறது. அந்த நூற்றாண்டைப் பற்றி எந்த மேடையும் பேசுவதில்லை, ஏனென்றால் அதில் வில்லன் இல்லை. இடிந்த மதகும் மலேரியாவும்தான் இருக்கின்றன.

| பெட்டிச் செய்தி: இரண்டு திகதிகள் |
|---|
| ஓகஸ்ட் 25: முல்லைத்தீவுக் கோட்டை பிடிபட்ட நாள். வன்னியில் பண்டாரவன்னியன் நினைவு நிகழ்வுகள் இந்நாளில் நடக்கின்றன. |
| ஒக்டோபர் 31: கற்சிலைமடுக் கல் சொல்லும் தோல்வி நாள். |
| வவுனியாவில் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் பண்டாரவன்னியனுக்குச் சிலை உண்டு. |

குறிப்பெடுத்தவன் யார்?

ஜோசோன் அரண்மனையில் மன்னன் பேசும் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொள்ள வரலாற்றெழுத்தர் பக்கத்திலேயே இருந்தார்கள். எழுதியதைப் பார்க்க மன்னனுக்கே அனுமதி இல்லை. 1404இல் டேஜோங் மன்னன் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தான். எழுத்தனுக்கு இது தெரியக்கூடாது என்றான். விழுந்ததோடு சேர்த்து, தெரியக்கூடாது என்று சொன்னதையும் எழுதிவைத்துவிட்டார்கள். கொரியத் தொடர்களின் அரண்மனைகள் அத்தனை நம்பகமாகத் தெரிவதற்கு முதற் காரணம் இந்தப் பிடிவாதக்கார எழுத்தர்கள்தான். பட்டு உடுப்பெல்லாம் அப்புறம்.

வன்னிபத்தின் முற்றத்தில் அப்படி ஒருவன் அமர்ந்திருந்ததற்குத் தடயம் இல்லை. பண்டாரவன்னியனைப் பற்றிய எழுத்துச் சான்று அவனை வேட்டையாடியவர்களுடையது. அவன் என்ன பேசினான், யாரை நம்பினான், கண்டியிலிருந்து வந்த தூதனிடம் என்ன கேட்டான் என்ற இடமெல்லாம் வெற்றுத்தாள். அதில்தான் நாம் காக்கை வன்னியனை வரைந்துகொண்டோம்.

வன்னியில் இப்போது குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பண்டாரவன்னியனைத் தொடராக எடுக்கும் ஆசையும் பலருக்கு உண்டு. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவற்றின் ஒரு பகுதி கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கிறது. லூயிஸின் கைநூலும் பேராசிரியர் சி. பத்மநாதனின் ‘வன்னியர்’ நூலும் தேடினால் கிடைக்கக்கூடியவை. காக்கை வன்னியனுக்கு முதல் வசனத்தை எழுதுமுன் இந்த மூன்றையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மரியா செம்பாத்தைக்கு ஒரு முழு எபிசோட் ஒதுக்குங்கள்.